தலையை எங்கே வைத்தாய்?

செர்டாங்கில் நாங்கள் வாங்கிய தாமான் வீட்டுக்கு அம்மா முதன்முதலாக வந்த நாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வேலியைப் பார்த்துவிட்டார். வேலிக் கம்பியில் வரிசையாக இருபத்து நான்கு மங்குகள் தொங்கின. ஒவ்வொன்றிலும் ஒரு சின்னச் செடி.

தோட்டத்தில் பிறக்காத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். மங்கு என்பது ரப்பர் மரத்தில் பால் பிடிக்கக் கட்டிவைக்கும் கிண்ணம். எங்கள் தோட்டத்தில் பளபளப்பு பூசிய மண் மங்குகள் இருந்தன. அதற்கு முன்பு தேங்காய்ச் சிரட்டையும் உண்டு என்று தாத்தா சொல்வார்.

அம்மா எதுவும் பேசவில்லை. உள்ளே வந்தார். கூடத்துச் சுவரில் அவர் தூக்கிய காண்டாக் கம்பைக் கிடையாக மாட்டியிருந்தேன். அதன் கீழே இரண்டு பால் வாளிகள், உள்ளே மஞ்சள் பல்ப் எரியும் விளக்குகளாக மாறியிருந்தன. வீடு பார்க்க வந்த எல்லாரும் கைத்தொலைபேசியை எடுத்துப் படம் பிடித்த இடம் அது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்.

பிறகுதான் சாப்பாட்டு மேசைக்கு வந்தார். கண்ணாடியின் மேல் கையை வைத்தவர், கண்ணாடிக்கு அடியில் இருந்த இரும்புக் கால்களைக் குனிந்து பார்த்தார். மிதிகட்டையைக் கால் விரலால் ஒருமுறை தள்ளினார். அது ஆடியது.

"இது நம்ம தையல் மிஷின் தானே?"

"ஆமாம்மா. நல்லா இருக்கா?"

"தலைய எங்கம்மா வச்சே?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

இந்தப் பைத்தியம் எனக்கு எப்படிப் பிடித்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கூலிமில் வேலை, மாதம் தவறாமல் வீட்டுக் கடன். புது வீட்டுக்குப் பொருள் வாங்கக் கையில் காசில்லை. வாரக் கடைசியில் பினாங்கு ஜார்ஜ்டவுனுக்குப் போனால், பழைய கடைவீடுகளில் திறந்திருக்கும் காப்பிக் கடைகளில் எதைப் பார்த்தாலும் நம் பாட்டி வீட்டுச் சாமானாகவே இருக்கும். எனாமல் தட்டு, மர ஜன்னல், தூக்குச்சட்டி, தையல் மிஷின் கால் வைத்த மேசை. 2008இல் ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரிய நகரமான பிறகு இந்த மோகம் இன்னும் கூடிவிட்டது. அப்படி ஒரு மேசைக்கு ஒரு கடையில் எழுநூறு வெள்ளி கேட்டார்கள். எங்கள் லயத்து வீட்டின் பின்கட்டில் சும்மா கிடக்கிறதே என்று அன்றைக்கே மனக்கணக்குப் போட்டேன்.

அந்த ஆண்டுதான் லயங்களை இடிக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. பால் மரங்கள் போய்ச் செம்பனை வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. அம்மா, கண் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு புக்கிட் மெர்தாஜாமில் தம்பி வீட்டில் இருந்தார். வீட்டைக் காலி செய்ய எனக்கும் என் கணவருக்கும் கிடைத்தது ஒரு சனி, ஒரு ஞாயிறு. எதை எடுப்பது, எதை விடுவது என்று நான் ஒருத்தியாகவே முடிவு செய்தேன். படத்தில் அழகாகத் தெரியும் என்று பட்டதையெல்லாம் லோரியில் ஏற்றினேன்.

தையல் மிஷினின் கால்கள் உறுதியாக இருந்தன. தலைப்பகுதி துருப்பிடித்துச் சக்கரம் சுற்றவில்லை. கூரை ஒழுகி, பல மழைக்காலம் தண்ணீர் இறங்கியிருக்க வேண்டும். பழைய சாமான் எடுக்க வந்த சீனப் பெரியவர் அதைத் தராசில் வைத்தார். பதினான்கு கிலோ சொச்சம். அவர் கொடுத்த காசில் அன்று மதியம் நாங்கள் இருவரும் மீ கோரெங் சாப்பிட்டோம். இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

மங்குகளின் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய பொருளை அலங்காரமாக்க ஆசைப்படுகிறவர்களுக்கு அதில் பயன் இருக்கிறது. முதலில் அவற்றை வெந்நீரில் ஊறவைத்தேன். உள்ளே காய்ந்து ஒட்டியிருந்த கடைசிப் பால், பழுப்பு நிறத் தோலாக உரிந்து வந்தது. அந்த நாற்றம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மட்டுமே தெரியும். பள்ளிப் பேருந்தில் பக்கத்தில் உட்காரும் பட்டணத்துப் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொள்ளக் காரணமாக இருந்த நாற்றம். இருபது ஆண்டுகளுக்கு மேல் சும்மா கிடந்த மங்கிலும் அது போகவில்லை.

கழுவிய மங்குகளில் அடியில் துளை போடாமலே மண் நிரப்பி, செடி நட்டு, வேலியில் மாட்டினேன். மிச்சம் இருந்த நான்கைந்தை அழகுக்காகக் காலியாகவே தொங்கவிட்டேன். பால் பிடிக்கிற கிண்ணம் மழைநீரைப் பிடிக்காதா? ஏடிஸ் கொசு முட்டையிட அந்தத் தண்ணீரே போதும். எங்கள் வரிசையில் ஒரு பையனுக்கு டிங்கி கண்டு, சுகாதார அதிகாரிகள் வீடு வீடாக வந்தபோது, என் வேலியில் இருந்த ஒரு மங்கில் புழுக்கள் நெளிந்தன. 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின்படி அபராதச் சீட்டு, ஐந்நூறு வெள்ளி. பணம்கூடப் பெரிதில்லை. அந்தப் பையனுக்குக் காய்ச்சல் வந்தது என் வீட்டுக் கொசுவால்தானோ என்று அவன் அம்மா முகத்தைப் பார்க்க முடியாமல் இரண்டு வாரம் பின்வாசல் வழியாகப் போய்வந்தேன்.

அதன் பிறகு எல்லா மங்குக்கும் துளை போட்டேன். மண் பாண்டத்திலும் பீங்கானிலும் சாதாரணத் துளைக் கம்பி வேலைக்காகாது, உடைத்துவிடும். கண்ணாடிக்கும் ஓட்டுக்கும் பயன்படுத்தும் வைரத்தூள் பதித்த கம்பி வேண்டும். இயந்திரத்தை மெதுவாக ஓட்டி, துளை விழும் இடத்தில் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மின்சாரக் கம்பியோடு தண்ணீரில் விளையாட வேண்டாம், மின்கலத்தில் ஓடுவதையே எடுங்கள். அவசரப்பட்டு நான் உடைத்தவை மூன்று. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பழைய ஜன்னல் பலகையைத் தேய்க்கும்போது முகக்கவசம் போடுங்கள், ஈரப்படுத்தித் தேயுங்கள். அந்தக் காலச் சாயங்களில் ஈயம் இருக்கும். லயத்தில் கல்நார் கூரைத் தகடு கிடந்தால் அதைத் தொடவே வேண்டாம்.

சரி, காண்டாவுக்கு வருவோம்.

அன்று இரவு சாப்பாடு முடிந்ததும் அம்மாவிடம் கேட்டேன், சுவரில் மாட்டியது பிடிக்கவில்லையா என்று. கம்பை அவர் தலைகீழாகப் பார்ப்பது போல முகத்தைச் சாய்த்தார்.

"வளைவு மேல இருக்கணும். கீழ மாட்டியிருக்கே. அப்படித் தூக்கினா வாளி நழுவிடும்."

அவ்வளவுதான் சொல்வார் என்று நினைத்தேன். சற்று நேரம் கழித்து, இடது தோளில் கையை வைத்துக்கொண்டு பேசினார். விடியுமுன் எழுந்து பெரட்டுக்கு நின்றது, இருட்டில் நெற்றி விளக்கோடு மரம் சீவியது, வெயில் ஏறுமுன் பால் எடுத்தது. இரண்டு வாளியும் நிறைந்துவிட்டால் மேட்டில் ஏறும்போது கம்பு தோளுக்குள் இறங்குவது போல இருக்குமாம். நான் வயிற்றில் இருந்த ஏழாவது மாதம், மழை பெய்த சறுக்கில் விழுந்து இரண்டு வாளிப் பாலும் கொட்டிப்போனது. அன்றைய கூலியில் பிடித்துவிட்டார்கள். "பிள்ளைக்கு என்னாச்சுன்னு யாரும் கேக்கல. பால் எவ்வளவு போச்சுன்னுதான் கேட்டாங்க," என்றார். குரலில் கோபம் இல்லை. நேற்று மழை பெய்தது என்று சொல்வதைப் போலச் சொன்னார்.

பினாங்கில் நாசி கண்டார் சாப்பிடாதவர்கள் நம்மில் இருக்க மாட்டார்கள். அந்தப் பெயரில் உள்ள 'கண்டார்' இதே கம்புதான். தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் அந்தக் காலத்தில் தோளில் கம்பு வைத்து, ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் கறியுமாகத் தெருத் தெருவாகத் தூக்கி விற்றதால் வந்த பெயர். அந்தக் கம்பு ஒரு சாப்பாட்டுக்குப் பெயராகி நிலைத்துவிட்டது. நம் தோட்டத்துக் காண்டாவுக்கு அப்படி எதுவும் வாய்க்கவில்லை. அதனால்தான் சுவரில் மாட்டினேன் என்று அம்மாவிடம் வாதாடினேன். உங்கள் உழைப்புக்கு மரியாதையாக இருக்கட்டும் என்றுகூடச் சொன்னேன்.

"மரியாதன்னா மிஷின வச்சிருக்கணும்," என்றார் அம்மா.

அந்த மிஷினைப் பற்றி எனக்குத் தெரிந்தது மிகக் குறைவு என்பது அந்த இரவில்தான் புரிந்தது. 1974இல் தவணைக்கு வாங்கியது. மாதம் பதினைந்து வெள்ளி. சிங்கர் நிறுவனம் உலகம் முழுக்கத் தவணை முறையிலேயே வளர்ந்தது. மொத்தப் பணம் இல்லாத வீட்டிலும் அந்த மிஷின் நுழைந்ததற்கு அதுதான் காரணம். எங்கள் வீட்டில் அதற்கு முன்பு தவணையாகப் பணம் கட்டியவர் தாத்தா ஒருவர்தான். வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்த காலத்தில், 1960இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் நம் கெடாவில் உள்ள புக்கிட் சிடிம். தாத்தா அதில் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு எடுத்தார். அம்மா மிஷின் எடுத்தார். அப்பாவுக்கு இதில் சம்மதமில்லை. மரம் சீவிவிட்டு வருகிறவளுக்குத் தைக்க நேரம் எங்கே என்று கேட்டாராம்.

நேரம் இரவில் கிடைத்தது. லயத்தில் பத்து மணிக்கு ஜெனரேட்டரை நிறுத்திவிடுவார்கள். கால் மிதித்து ஓட்டும் மிஷினுக்கு மின்சாரம் வேண்டாம், மண்ணெண்ணெய் விளக்கு போதும். ரவிக்கை, பாவாடை, பள்ளிச் சீருடை, தீபாவளி வந்தால் வீட்டு வாசல் வரை துணி. தூக்கத்தில் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்த கடகட ஓசை அதுதான். மழைச் சத்தத்தைப் போல அதையும் கணக்கில் எடுக்காமலே வளர்ந்திருக்கிறேன். ஐந்தாம் படிவம் வரை என் பேருந்துக் கட்டணம், பரீட்சைப் பணம், பிறகு படிக்கப் போனபோது கையில் கொடுத்த இருநூறு வெள்ளி, எல்லாம் அந்தத் தலையிலிருந்து வந்தவை.

காண்டா, வாளி, மங்கு எல்லாம் தோட்டத்துச் சாமான். ஸ்டோரில் கையெழுத்துப் போட்டு வாங்கி, கணக்குக் காட்டித் திருப்பிக் கொடுக்க வேண்டியவை. வேலை நின்றபோது கேட்பாரற்று வீட்டில் தங்கிவிட்டன, அவ்வளவுதான். அம்மா தன் பெயரில், தன் காசில் வாங்கிய ஒரே பொருள் அந்த மிஷின். தோட்டத்துச் சாமானையெல்லாம் துடைத்துச் சுவரில் மாட்டிவிட்டு, அவருடையதை நான் எடைக்குப் போட்டிருக்கிறேன்.

மறுநாள் பழைய சாமான் கடைக்குப் போனேன். பெரியவர் நல்லவர், என்னோடு சேர்ந்து தேடினார். இரும்பு ஏற்கெனவே உருக்கப் போய்விட்டிருந்தது. அவர் சொன்ன இன்னொரு விஷயம்தான் என்னை அதிகம் வருத்தியது. அந்த மாதிரித் தலை பழுதாவது அபூர்வம், பழைய எண்ணெய் பிசினாகி இறுகியிருக்கும், மண்ணெண்ணெய் விட்டு நாலு நாள் வைத்திருந்தால் சுற்றியிருக்குமே என்றார்.

ஒரு மாதம் கழித்து, ஒரு ஞாயிறு காலை பினாங்கு லோரோங் கூலிட் சந்தைக்கு அம்மாவையும் அழைத்துப் போனேன். நகர அரங்கத்துக்குப் பக்கத்தில் நடக்கும் அந்தச் சந்தையை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். தரையில் விரித்த சாக்கில் பழைய கடிகாரம், நாணயம், இசைத்தட்டு, பூட்டில்லாத சாவி, சாவியில்லாத பூட்டு. பினாங்கில் வாடகைக் கட்டுப்பாடு முடிவுக்கு வந்த 2000ஆம் ஆண்டை ஒட்டிப் பல குடும்பங்கள் கடைவீடுகளைக் காலி செய்தபோது, இங்கே வந்து குவிந்த சாமானுக்கு அளவே இல்லை என்றார் தமிழ் பேசும் வியாபாரி ஒருவர். அதைக் கேட்டதும் எனக்குக் காரைக்குடி நினைவு வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் அங்கே முனீஸ்வரன் கோயில் தெருவில், பழம்பொருள் கடைகளில் வரிசை வரிசையாகப் பர்மாத் தேக்குத் தூண்களையும், பெயரின் முதலெழுத்து வெட்டிய பித்தளைப் பாத்திரங்களையும் பார்த்தேன். செட்டியார்கள் பர்மாவிலும் மலாயாவிலும் வட்டிக்குக் கொடுத்துச் சேர்த்த பணத்தில் எழுந்த வீடுகளின் மிச்சம். யாரோ ஒரு பெண்ணுக்குச் சீராக வந்த பாத்திரத்தில் இருந்த இரண்டு எழுத்தை அன்று படமெடுத்து முகநூலில் போட்டேன். அது யாருடைய பெயர் என்று கடைக்காரரிடம் கேட்கத் தோன்றவில்லை.

சந்தையில் தையல் மிஷின் தலைகள் நான்கைந்து இருந்தன. எல்லாத் தலையும் எல்லாக் காலுக்கும் பொருந்தாது. சிங்கரில் முழு அளவு அடித்தட்டு உள்ளவையும், முக்கால் அளவு உள்ளவையும் உண்டு. 15, 66, 127, 201 முழு அளவு. 28, 99, 128 சிறியவை. நான் அட்டையில் அளவெடுத்துக் கொண்டுபோயிருந்தேன். அம்மா அட்டையைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு தலையின் சக்கரத்தையும் கையால் சுற்றி, ஊசி இறங்கி ஏறுவதைக் காதைக் கொடுத்துக் கேட்டார். மூன்றாவதில் நின்றார். வண்டு போலக் கறுப்பு, தங்கப் பூவேலை பாதி அழிந்திருந்தது. அடித்தட்டில் இரண்டு எழுத்தோடு ஒரு எண். முதலெழுத்து 'ஈ' ஆக இருந்தால் அது ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் தொழிற்சாலையில் செய்தது. அந்தத் தொழிற்சாலை 1980இலேயே மூடப்பட்டுவிட்டது.

"அம்மா, நம்ம மிஷின் மாதிரியே இருக்கா?"

"இல்ல. நம்மளுது வட்ட பாபின். இது படகு மாதிரி உள்ள ஓடுறது. எங்க சின்னம்மாகிட்ட இருந்தது." பிறகு வியாபாரியிடம் திரும்பி, "என்ன பாய், கடைசி விலை சொல்லுங்க," என்றார்.

நூற்றெண்பதில் தொடங்கி நூற்றிருபதில் முடிந்தது. இத்தனை நாள் நான் பேரம் பேசியதெல்லாம் பேரமே இல்லை.

வீட்டில் என் கணவர் மேசைக் கண்ணாடியை எடுத்தார். கண்ணாடிக்காக நான் கழற்றி எறிந்த மேல்பலகைக்குப் பதில், லயத்திலிருந்து வந்த ஜன்னல் கதவு ஒன்றை அறுத்துப் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. தோல் வார் புதிதாக வாங்கினோம். அம்மா தலையின் ஒவ்வொரு துளையிலும் மண்ணெண்ணெய் விட்டு, இரண்டு நாள் வைத்து, பழைய துணியால் துடைத்து, பிறகு மிஷின் எண்ணெய் விட்டார். யாரையும் தொட விடவில்லை. மூன்றாம் நாள் உட்கார்ந்து மிதித்தபோது முதலில் நூல் அறுந்தது. அப்புறம் அறுந்தது. நான்காவது முறை ஓடியது. என் பிள்ளைகள் இருவரும் கைதட்டினார்கள். அம்மாவுக்கு அது எரிச்சலாக இருந்தது, "தள்ளி நில்லுங்க, வார்ல விரல் மாட்டிக்கும்," என்று அதட்டினார்.

பழைய தலையைப் பற்றி அவர் பிறகு கேட்கவில்லை. எடைக்குப் போட்டதை நானே சொன்னேன். எவ்வளவு கொடுத்தான் என்று மட்டும் கேட்டார். சொன்னேன். "ரொம்பக் கம்மி," என்றார்.

சுவரில் இப்போது காண்டா இல்லை. அடுத்த முறை வந்தபோது அம்மாவே அதைக் கழற்றி, பின்பக்கம் பாகற்கொடிப் பந்தலுக்குக் கொம்பாக நட்டுவிட்டார். வாளி விளக்குகளை விட்டுவைத்திருக்கிறார், தைக்கும்போது வெளிச்சம் நன்றாக விழுகிறதாம். சனிக்கிழமைகளில் பக்கத்து வீடுகளிலிருந்து சீருடைப் பாவாடை, திரைச்சீலை என்று ஏதாவது வந்துவிடுகிறது. டிங்கியில் படுத்து எழுந்த அந்தப் பையனின் அம்மாகூட ஒரு மூட்டை கொண்டுவந்தார். கூடத்தில் சாப்பாட்டு மேசை இல்லாததால் நாங்கள் தரையில் பாய் விரித்துச் சாப்பிடுகிறோம். கண்ணாடி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் சாய்ந்து நிற்கிறது. நேற்றுக்கூட அதைத் துடைத்துக்கொண்டிருந்தேன், உள்ளேயிருந்து அம்மா கூப்பிட்டார், ஊசியில் நூல் கோத்துக் கொடுக்கச் சொல்லி.